ஆர்சி522 ரீடரின் ஆன்டெனாவை மாற்றியபோது கண்டவை

மர அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஆர்சி522 ரீடரை (13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையால் கார்டைத் தொடாமலே படிக்கும் சிறு போர்டு) பொருத்தி, வெளியிலிருந்து கார்டைக் காட்டினால் பூட்டு திறக்க வேண்டும் என்பதே என் தேவை. பலகையின் கனம் 25 மில்லிமீட்டர். மேசைமேல் வைத்துச் சோதித்தபோதே கார்டு 2 செ.மீ. தாண்டினால் எடுபடவில்லை. ஆன்டெனாவாகப் பெரிய கம்பிச் சுருள் ஒன்றைச் சுற்றி இணைத்துவிட்டால் போதும் என்றுதான் இதற்குப் பொதுவாக யோசனை சொல்கிறார்கள். போர்டில் ஆன்டெனாச் சுருளாக இருக்கும் செப்புத் தடத்தை வெட்டுவதற்கு முன் போர்டில் உள்ள உதிரிப் பாகங்களை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

இந்தச் சிப்பின் இரண்டு அனுப்பு முனைகளிலிருந்தும் மின்னோட்டம் முதலில் தலா ஓர் இண்டக்டர் (தூண்டுசுருள்) வழியாகச் செல்கிறது. 13.56 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட தேவையற்ற அதிர்வெண்களை வடிகட்டுவது இந்த இண்டக்டரும் அதை அடுத்துள்ள கெபாசிட்டரும்தான். சிப்பின் தரவுத்தாளின்படி, அனுப்பும் பகுதி 100 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். என்னிடம் இருந்த, தயாரித்தவர் பெயர்கூட அச்சிடப்படாத மலிவு போர்டில் 2.2 மைக்ரோஹென்றி என்ற மதிப்பு சரியாகவே இருந்தது. ஆனால் எள்ளளவே இருந்த அந்த இண்டக்டர்கள் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைக் கழற்றிவிட்டு, அதே மதிப்பில், கம்பி சுற்றிய சற்றே பெரிய இரண்டு இண்டக்டர்களைப் பற்றவைத்தேன். பழைய தடங்களுக்கு அவை சற்றுப் பெரியவையாதலால், இருபுறமும் ஈயத்தைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுச் சாய்வாக உட்கார வைக்க வேண்டியிருந்தது. சுருளைத் தொடவே இல்லை. ஆயினும் அதே கார்டு 4 செ.மீ.க்குமேல் எடுபட்டது. ஆர்சி522 வைத்திருப்பவர்கள் வேறெதையும் செய்வதற்கு முன் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதன்பின்னரே வெளிச்சுருளைப் பற்றி யோசித்தேன். வட்டச் சுருள் ஒன்றின் அச்சில், குறிப்பிட்ட தூரத்தில் காந்தப்புலம் மிக அதிகமாக இருக்க வேண்டுமானால், சுருளின் ஆரம் அந்தத் தூரத்தைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு இருக்க வேண்டும். அதாவது 5 செ.மீ. தூரத்துக்கு 7 செ.மீ. ஆரம் பொருத்தமானது. அதற்கு மேல் பெரிதாக்கினால், அதே மின்னோட்டம் பெரிய பரப்பில் பரவி, நாம் கார்டு காட்டும் இடத்தில் புலம் குறையவே செய்யும். சாவிக்கொத்தில் தொங்கும் சிறிய டேக்குகளுக்கு இது இன்னும் பாதகம். பெரிய சுருளின் புலத்தில் மிகச் சிறு பங்கையே அவற்றின் சுருள் பிடித்துக்கொள்கிறது.

சுருளை மாற்றினால் அதன் தூண்டல் மதிப்பு மாறும்; அதற்கேற்ப, சுருளைச் சிப்போடு இசைவிக்கும் பொருத்துக் கெபாசிட்டர்களையும் மாற்றியாக வேண்டும். 1.5 மைக்ரோஹென்றிச் சுருள் 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதற்கு, அதாவது அந்த அதிர்வெண்ணில் மிக வலுவாக இயங்குவதற்கு, சுமார் 92 பிக்கோஃபாரட் தேவை என்றால், இதில் சில பிக்கோஃபாரட் வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். போர்டிலிருந்து சுருளுக்குப் போகும் கம்பியின் நீளமும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கம்பியைக் குட்டையாக வைத்து, இரண்டு இழைகளையும் முறுக்கிக் கொண்டுபோவதே நல்லது.

ஒரு சுற்று ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வரைந்து காட்டும் நானோவிஎன்ஏ கருவியின் முனையில் ஒற்றைச் சுற்றுக் கம்பி வளையம் ஒன்றை இணைத்து, ரீடரின் மின்சாரத்தை நிறுத்தியபின் சுருளுக்கு அருகே பிடித்தால், திரையில் ஒரு பள்ளம் தெரியும். அதுவே ஒத்ததிர்வு நிற்கும் இடம். கதவில் இருந்த இரும்புப் பூட்டை அருகில் கொண்டுவந்ததும், அந்தப் பள்ளம் கண்ணெதிரே மேல் அதிர்வெண் பக்கம் நகர்ந்தது. உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டம் சுருளின் தூண்டலைக் குறைப்பதே அதற்குக் காரணம். இடையில் ஃபெரைட் (மின்சாரத்தை எளிதில் கடத்தாத காந்தப்பொருள்) தாள் ஒன்றைச் செருகியபோது, பள்ளம் எதிர்த்திசையில் நகர்ந்து, 13.56-க்கும் கீழே போய்விட்டது. மேசைமேல் சீராக்கிய சுருளைக் கதவில் கொண்டுபோய் ஒட்டுவதில் பயனில்லை. கதவில், பூட்டோடு, தாளோடு இருக்கும் நிலையில்தான் அதைச் சீராக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புலம் வலுவாக இருந்தும் கார்டின் எண் பாதியில் பிழையாக வந்தால், சுருளின் தரக்காரணி, அதாவது ஒத்ததிர்வின் கூர்மை, மிகையாக இருக்கலாம். கார்டு தன் பதிலை மைய அதிர்வெண்ணிலிருந்து 847.5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, இரு பக்கமும் வைத்து அனுப்புகிறது. மிகக் கூர்மையான ஒத்ததிர்வு அந்தப் பக்க அலைகளை நசுக்கிவிடும். தொடராக ஓர் ஓம் அளவில் ஒரு மின்தடையைச் சேர்த்ததும் என் பூட்டு ஒழுங்காகத் திறக்கத் தொடங்கியது. மென்பொருளில் ஏற்புப் பெருக்கத்தை (கார்டிலிருந்து வரும் பதிலை ரீடர் பெருக்கும் அளவை) 33 டெசிபெல்லிலிருந்து 48-க்கு உயர்த்துவது எளிதுதான். ஆனால் கார்டுக்கே மின்சக்தி போய்ச் சேராத தூரத்தில் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

* * *

வாசகர் ஒருவரின் பதில்: ஐயா, இண்டக்டரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் போர்டையும் திருப்பிப் பார்த்தேன். அதே எள்ளளவு வகைதான் இருக்கிறது. என் அனுபவம் 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தைச் சேர்ந்தது.

அந்த அதிர்வெண்ணில் கார்டுகளைப் படிக்கும் ஆர்டிஎம்6300 ரீடரோடு வரும் சுருள் என் பெட்டிக்குள் அடங்கவில்லை என்பதால், எனாமல் கம்பியை வேறு அளவுச் சட்டத்தில் சுற்றினேன். இங்கே பார்க்க வேண்டியது சுற்றுகளின் எண்ணிக்கையை அல்ல, தூண்டல் மதிப்பை. சுருளோடு சேரும் கெபாசிட்டர் 1 நானோஃபாரட் என்று கொண்டால், 125 கிலோஹெர்ட்ஸுக்கு 1.62 மில்லிஹென்றி வேண்டும். பழைய சுருளைத் தூண்டல் மதிப்பைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் அளந்துகொண்டு, புதியதைச் சற்று அதிகமாகவே சுற்றி, அதே மதிப்பு வரும்வரை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுப்பது எளிய வழி.

நாய்களுக்குத் தோலடியில் செலுத்தும் சிப்பையும் இதே ரீடரில் படிக்கலாம் என்ற எண்ணத்தில், சிலர் சுருளை அந்தச் சிப் இயங்கும் 134.2 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுகிறார்கள். என் நண்பர் ஒருவரும் அப்படி மாற்றிக் கொண்டுவந்து, ஏன் எண் வரவில்லை என்று கேட்டார். சுருளில் பிழை எதுவும் இல்லை. அந்தச் சிப் 128 பிட்டுகளை வேறொரு குறியீட்டு முறையில் அனுப்புகிறது. ஆர்டிஎம்6300 எதிர்பார்ப்பதோ மான்செஸ்டர் என்னும் குறியீட்டு முறையில் வரும் 64 பிட்டுகளை. அனுப்பும் அலையும் ரீடரில் 125 கிலோஹெர்ட்ஸிலேயே நிற்கிறது. ஆகவே ஆன்டெனாவை மட்டும் மாற்றி இதைச் சாதிக்க இயலாது.

134.2-க்கென்றே செய்த ரீடரிலும், அந்தச் சிப் அடங்கிய சிறு கண்ணாடிக் குப்பியைக் காட்டும் விதம் முக்கியம். உள்ளே ஃபெரைட் தண்டில் சுற்றிய மிகச் சிறு சுருள் இருப்பதால், தண்டு புலக்கோடுகளின் திசையில் இருக்க வேண்டும். தட்டையான சுருளின் நடுவில் குப்பியைப் படுக்கவைத்தால் எதுவும் வராது. அங்கே நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படுக்கவைத்தே படிக்க வேண்டுமானால், சுருளின் ஓரக் கம்பிக்கு மேலே, கம்பிக்குக் குறுக்காக வையுங்கள். உங்கள் பூட்டுக்கும் இதே வடிவில் உள்ள 13.56 மெகாஹெர்ட்ஸ் குப்பி டேக்கைப் படுக்கவைத்துப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், கதவின் வெளிப்பக்கத்தில் அடையாளம் இட வேண்டிய இடம் சுருளின் மையம் அல்ல, அந்த ஓரம்தான்.