கலைச்சொல் உதவி: எதிராளிக்கேற்ப மாற்றி ஆடுவதற்கு ஒரு சொல்

மல்லி:
அன்பர்களுக்கு வணக்கம். கல்லூரி ஆட்டக் கோட்பாட்டுப் பாடநூலில் போக்கர் சீட்டாட்டம் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இருவர் ஆட்டத்தில் எதிராளி யாரானாலும் நீண்ட போக்கில் நட்டப்படாமல் ஆடுவதற்குச் 'சமநிலை ஆட்டம்' என்று போட்டுவிட்டேன். எதிராளியின் பழக்கத்தைக் கண்டு மாற்றி ஆடுவதற்குத்தான் சொல் இல்லை. அகராதி 'சுரண்டல்' என்கிறது. மாணவர்கள் பண்ணையாரை நினைப்பார்கள்.

க. இரா.:
ஆளறியாட்டம். ஆள் + அறி + ஆட்டம். வினைத்தொகை, முக்காலமும் அடங்கும்.

சே.:
ஐயா, நான் அதை 'ஆளறியா ஆட்டம்' என்றல்லவா படித்தேன்? பொருள் தலைகீழ்.

க. இரா.:
இலக்கணம் இடம் தராது. 'அறி' இகர ஈறு, யகர உடம்படுமெய் வந்தது. எதிர்மறையானால் ஆகார ஈறு, வகரம் வந்து 'ஆளறியாவாட்டம்' ஆகும்.

சே.:
இரண்டாம் ஆண்டு மாணவர் உடம்படுமெய் பார்த்தா படிக்கப் போகிறார்?

ந.:
'சுரண்டல்' கூடாது என்பதற்கு ஆட்டத்திலேயே காரணம் உண்டு. நடுவில் பந்தயப் பணம் 100 கிடக்கிறது. கையில் ஒன்றுமில்லாமல் 50 கட்டி உதார் விடுகிறீர்கள். மூன்றில் ஒரு முறை எதிராளி சீட்டைப் போட்டுவிட்டு விலகினால் வரவும் செலவும் சரி. எதையும் விடாமல், நாம் கட்டிய தொகைக்கு ஈடுகட்டிப் பார்ப்பவர் ஐந்தில் ஒரு முறைதான் போடுவார். 20 வரவு, 40 செலவு, சராசரியாக ஒவ்வொரு உதாருக்கும் 20 நட்டம். அவரிடம் உதாரே ஆகாது. நல்ல கை வந்தால் 50 எதற்கு, 90 கட்டுங்கள், கொடுத்துவிடுவார். உயர்ந்த சீட்டு வந்தாலொழியக் காசை இறக்காதவர் ஐந்தில் மூன்று முறை போடுவார். அதே 50 அங்கே 40 லாபம். ஆனால் அவர் திருப்பிப் பந்தயத்தை ஏற்றினால் ஒற்றை ஜோடியைக் கட்டிக்கொண்டு அழக்கூடாது. இதையெல்லாம் 30 கை பார்த்து முடிவு கட்டவும் கூடாது. அவருக்கு அன்று சீட்டே வராமல் இருந்திருக்கலாம்.

முதலாமவரிடம் நீங்கள் உதாரை நிறுத்தியதை அவர் கண்டுகொண்டால், உங்கள் 90க்குச் சீட்டைப் போட்டுவிடுவார். மாற்றி ஆடுகிறவரின் பழக்கமும் வெளியே தெரியும். சுரண்டலில் இந்த ஆபத்து தொனிக்கவில்லை.

இருவருக்கும் பெயர் தமிழில் தயாராகவே இருக்கிறது: விடாக்கண்டன், கொடாக்கண்டன்.

க. இரா.:
அருமை. கண்டன் என்றால் வீரன். கண்டராதித்த சோழர் பெயரில் இருப்பதும் அதுவே. ஆனால் 'உதார்' வேண்டாம். உருதுவில் அந்த ஒலிக்குக் கடன் என்று பொருள். 'பொய்ம்மிடுக்கு' எனலாம்.

சே.:
பொய்ம்மிடுக்கை யாராவது 'விட' முடியுமா? உதாரைத்தான் விடலாம்.

த.:
எதற்கெடுத்தாலும் ஏற்றிக்கொண்டே போகிறவருக்கு 'வெறியாட்டுக்காரர்'?

க. இரா.:
வெறியாட்டு முருகனுக்கு வேலன் ஆடுவது, குறிஞ்சித் துறை. அதைச் சூதில் கொண்டுவந்து வைப்பதா?

த.:
935ஆம் குறளில் 'கழகம்' சூதாடும் இடம்தானே. இன்று அந்தச் சொல் எங்கெல்லாம் இருக்கிறது, பாருங்கள்.

ந.:
'தறிகெட்டவர்' போதும். அவரிடம் நாம் ஏற்றவே வேண்டாம். நடுத்தரக் கையோடு ஈடுகட்டிக்கொண்டே போனால் அவரே கொட்டிவிடுவார்.

மல்லி:
இயலில் போக்கர் ஆடும் கணினி நிரலான லிப்ராட்டஸும் வருகிறது. 2017இல் பிட்ஸ்பர்க்கில் 4 தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கை ஆடி வென்றது, அவர்கள் பழக்கத்தைப் பாராமலே. அவர்கள் குடைந்த தன் ஓட்டைகளை மட்டும் இரவில் அடைத்துக்கொண்டது.

சே.:
அப்படியானால் அது ஆடியதுதான் ஆளறியா ஆட்டம்! இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் பிழைதிருத்துபவர் கதி?

மல்லி:
அதனால்தான் 'ஆள் பார்த்து ஆடுதல்' என்று அனுப்பிவிட்டேன். மூவர் ஒப்பினர். உதாரும் கண்டர்களும் உள்ளே. பொய்ம்மிடுக்கு அடைப்புக்குறியில்.

க. இரா.:
அது தொடர், சொல் அன்று. அடுத்த இயலில் அதன் அளவையும் வீதத்தையும் சொல்ல வேண்டிவரும். அப்போது 'ஆள் பார்த்து ஆடுதல் வீதம்' என்று எழுதுவீர்களா அம்மா?