கூடாமலே கிடக்கும் ஆலோசனைக் குழுவை மூடச் சட்டம் எதற்கு?

சும்மாகேட்டவன்:
வாரியம், ஆலோசனைக் குழு என்று எத்தனையோ இருக்கின்றன, பாதி வருடக்கணக்கில் கூடுவதே இல்லை. இதையெல்லாம் மூட நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டுமா, அமைச்சர் கையெழுத்து போதாதா? திட்டக் கமிஷனையே சட்டமில்லாமல் மூடிவிட்டார்களே.

பழையகோப்பு:
எப்படிப் பிறந்ததோ அப்படித்தான் சாகும். திட்டக் கமிஷன் 1950 மார்ச்சில் வெறும் அமைச்சரவைத் தீர்மானத்தால் வந்தது, அதனால் 2015 ஜனவரி 1-ல் இன்னொரு தீர்மானத்தாலேயே அந்த இடத்தில் நிதி ஆயோக்கை உட்கார வைக்க முடிந்தது. சட்டத்தில் பெயர் ஏறிவிட்டால் கதையே வேறு. அமெரிக்காவில் இறக்குமதித் தேயிலையைக் குடித்துப் பார்த்துத் தரம் சொல்ல 1897 சட்டப்படி ஒரு நிபுணர் குழு இருந்தது (ஆமாம், டீ குடிக்க அரசுக் குழு!), 1970-ல் அதிபர் நிக்சனே மூடப் பார்த்து முடியவில்லை, கடைசியில் 1996-ல் அதற்கென்றே தனிச் சட்டம் போட்டுத்தான் மூடினார்கள்.

தறிவீடு:
ஐயா சொல்வது சரி, ஆனால் "செயல்படவில்லை" என்று யார் சொல்கிறார்கள் என்பதையும் பாருங்கள். 2020-ல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தைக் கலைத்தார்கள், அதுவும் ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினத்துக்குச் சில நாள் முன்னால். அதற்குச் சட்டம்கூடத் தேவைப்படவில்லை, அறிவிப்போடு முடிந்தது. சரி, அந்த வாரியத்தால் எங்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லைதான், மறுக்கவில்லை. ஆனால் கோறாப் பட்டும் (பதப்படுத்தாத பட்டு நூல்) ஜரிகையும் விலை ஏறினால் முதலாளி முதலில் கை வைப்பது எங்கள் கூலியில், அதைத் தில்லியில் எடுத்துச் சொல்ல நெசவாளருக்கென்று இருந்த ஒரு நாற்காலியும் போச்சு. கூட்டம் போட வேண்டியதே அரசு, அதைப் போடாமல் இருந்துவிட்டு, கூடவில்லை என்று மூடினால் என்ன நியாயம்?

சும்மாகேட்டவன்:
நியாயமான கேள்வி. அப்போ ஆரம்பிக்கும்போதே காலாவதி தேதி எழுதிவிட்டால்?

பழையகோப்பு:
அமெரிக்காவில் அரசு ஆலோசனைக் குழுக்களுக்கான 1972 சட்டத்திலேயே அது இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் குழு தானாகவே காலி (தனிச் சட்டம் வேறு கெடு வைத்திருந்தால் தவிர). நம் ஊரில் அது வந்தாலும் புதுப்பிக்கும் கோப்பில் படிக்காமலே கையெழுத்து விழும் என்பது என் கணிப்பு. தறிவீடு சொன்னதற்கு அதைவிட நேரான வழி உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4-ம் பிரிவின்படி ஒவ்வொரு துறையும் தன் ஆலோசனைக் குழுக்களின் பட்டியலையும், அவற்றின் கூட்டக் குறிப்புகளை மக்கள் பார்க்கலாமா என்பதையும் தானாகவே வெளியிட வேண்டும். கலைக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததுமே, கடைசியாக எப்போது கூடியது, அடுத்த கூட்டத்துக்கு யார் அழைப்பு அனுப்பியிருக்க வேண்டும் என்று பத்து ரூபாய் கட்டி மனுப் போடுங்கள்.

தறிவீடு:
கைத்தறிக்கு அது இனி உதவாது. வேறு வாரியங்களுக்குப் போட்டுப் பார்க்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.