அண்ணனுக்கு மூக்கு நன்றாகத்தான் வேலை செய்தது

அண்ணனுக்கு 29 வயதில் இடது பாதம் உள்பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. காலையில் தூங்கி எழுந்ததும் நன்றாக நடப்பார், சாயங்காலம் ஆனால் காலை இழுத்து இழுத்துத்தான் வருவார். முதலில் பார்த்த மருத்துவர், "வாசனை தெரிகிறதா?" என்று கேட்டார். வீட்டில் கருவாடு வறுத்தால் தெருமுனையிலேயே சொல்லிவிடுகிற ஆள் எங்கள் அண்ணன். "அப்படியென்றால் பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோயாக இருக்காது" என்று அனுப்பிவிட்டார். அதை நம்பி இரண்டு வருடம் எலும்பு மருத்துவரிடமும் எண்ணெய் வைத்தியத்திலும் போனது. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

அப்புறம் பார்த்த நரம்பியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "அப்பா அம்மா சொந்தமா?" ஆமாம், அத்தை மகனும் மாமன் மகளும். மரபணுப் பரிசோதனையில் பார்க்கின் என்ற மரபணு இரண்டு பக்கமும் பழுதாக வந்திருப்பது தெரிந்தது. 1998இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்த மரபணு அது.

அவர் பொறுமையாக விளக்கினார். வழக்கமான பார்க்கின்சனில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் மூளையில் சின்னச் சின்னத் திரளாகச் சேரும். வாசனையை வாங்கும் பகுதியில் அது ஆரம்பத்திலேயே சேர்ந்துவிடுவதால், கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே பலருக்கு வாசனை போய்விடுகிறது. பார்க்கின் வகையில் பெரும்பாலும் அந்தத் திரள்கள் இருப்பதில்லை, அதனால் மூக்கு தப்பிவிடுகிறது. லெவோடோபா என்ற பார்க்கின்சன் மருந்து கொஞ்சம் கொடுத்ததுமே அண்ணன் நேராக நடந்தார். உங்கள் வீட்டில் இளவயதில் யாருக்காவது இப்படி இருந்தால், வாசனை தெரிகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

*

உங்கள் பதிவைப் படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. அவருக்கும் பார்க்கின்சன்தான், ஆனால் ஜிபிஏ என்ற வேறொரு மரபணுவில் மாற்றம். எங்கள் கதை நேர்மாறு. நடுக்கம் வருவதற்கு ஏழு வருடம் முன்பே, "இந்தப் பெருங்காயத்தில் வாசமே இல்லை, கடையை மாற்று" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் கடையைத்தான் மாற்றினோம். ஒரு நாள் பால் தீய்ந்து வீடெல்லாம் புகை, பக்கத்து அறையில் இருந்தவருக்குத் தெரியவில்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது, எதுவும் ருசிக்கவில்லை என்பார். இந்த மரபணு வகையில் வாசனை இழப்பு நிறையப் பேருக்கு உண்டு என்று பின்னால்தான் சொன்னார்கள்.

*

அம்மா தனியாகச் சமைக்கிறாரா? சிலிண்டர் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தையே கலக்கிறார்கள், அது அவருக்குத் தெரியாதே.

*

அடுப்புக்குப் பக்கத்தில் கேஸ் அலாரம் மாட்டிவிட்டோம். தயிர் புளித்துவிட்டதா என்று பேரனிடம் நீட்டுவார், அவன் முகர்ந்து சொன்னால்தான் ஊற்றுவார்.