புதுப்பிப்பு: டொராண்டோவில் வேலை கிடைத்துவிட்டது

சிவில் இன்ஜினியர், ஊரில் ஒன்பது வருட அனுபவம், இங்கே 140 விண்ணப்பம் போட்டும் ஒரு நேர்காணல்கூட இல்லை என்று ஐந்து மாதம் முன்பு புலம்பியிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் முதலில் நன்றி. சின்ன கட்டுமான நிறுவனம், எஸ்டிமேட்டர் வேலை, அதாவது கட்டுமானத்துக்கு எவ்வளவு பொருள், எவ்வளவு செலவு என்று கணக்குப் போடும் வேலை.

ஒருவர் சொன்னபடி ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் எடுத்துவிட்டு இரண்டு பக்கமாகச் சுருக்கினேன். அப்புறம்தான் போன் வர ஆரம்பித்தது. நேர்காணலில் ஒரு அடித்தள வரைபடத்தை நீட்டி, கான்கிரீட் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்கள். அளவெல்லாம் அடி, அங்குலம். அதுவரை பிழைப்புக்குப் பார்த்த கிடங்கு வேலையில், இரவு ஷிஃப்டில் அட்டைப்பெட்டி பிரித்துப் பிரித்துக் கட்டைவிரல் வெடித்திருந்தது. பென்சில் பிடித்தாலே எரிச்சல். ஆனாலும் கணக்கு மறக்கவில்லை. போட்டு முடித்தபோது கண் கலங்கிவிட்டது.

சரி, உரிமம் பற்றி. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் பொறியாளர் உரிமத்துக்கு ஒரு வருடக் கனடா அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மே மாதமே நீக்கிவிட்டார்கள். இது தெரியாமல் வந்த நாளிலிருந்து தள்ளிப்போட்டேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். மொத்தம் 48 மாத அனுபவம் வேண்டும், ஊரில் செய்த வேலையும் கணக்கில் வரும். எந்த வேலையில் என்ன முடிவெடுத்தீர்கள் என்று விவரமாக எழுதிக் காட்ட வேண்டும். இப்போது தினமும் ராத்திரி அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.