கடும் வெயில் தாங்கும் நாட்டுச் செடிகள்: பட்டறிவுப் பகிர்வு

நாட்டுச் செடி என்றாலே வெயில் தாங்கும் என்று நம்பி வாங்குவதில்தான் பாதிச் செடிகள் போகின்றன. வெட்சியும் நாட்டுச் செடிதான். ஆனால் அதற்கு ஈரமும் புளிப்பு மண்ணும் வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அதோடு கோடையும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும்.

அதனால் செடி எந்த நிலத்தில் தானாக முளைக்கிறது என்று பாருங்கள். வறண்ட புதர்க்காட்டுச் செடிகள் என்றால் ஆவாரை, விராலி, துத்தி, செம்முள்ளி. மரங்களில் வேம்பு, உசில், வெப்பாலை, வன்னி. உப்புக் காற்று அடிக்கும் இடத்துக்குப் பூவரசும் புங்கமும். இலையே பாதி சொல்லிவிடும்: உசிலுக்கும் வன்னிக்கும் பொடிப்பொடியான சிற்றிலை, விராலிக்குப் பிசின் பூச்சு, துத்திக்கு வெல்வெட் மாதிரி மயிர். காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் வெயிலுக்கு அசையாதவைதான், ஆனால் ஒன்று தென் அமெரிக்கா, இன்னொன்று மடகாஸ்கர். இந்தப் பட்டியலில் சேராது.

*

செடித் தேர்வு சரியாக இருந்தாலும் நடும் மாதம் தப்பினால் பயனில்லை. கோடையில் நடவே நடாதீர்கள். மழைக்காலத் தொடக்கத்தில் நட்டால்தான் வெயில் வருவதற்குள் வேர் கீழே இறங்கும்.

நாலைந்து அடி உயரக் கன்றைவிட ஒன்றரை அடிக் கன்று மேல். பெரிய கன்றுக்குப் பையின் அடியில் வேர் சுருண்டிருக்கும்; அதை அப்படியே புதைத்தால் மண்ணுக்குள்ளும் சுருண்டுகொண்டே இருக்கும். சுருண்ட வேரைக் கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். நிழல்வலைக்கு அடியில் வளர்ந்த கன்றை நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காய்ந்துபோகும். முதலில் காலை வெயில் மட்டும், பிறகு நேரத்தைக் கூட்டி, பத்துப் பதினான்கு நாள் பழக்க வேண்டும்.

குழி 2 அடி அகலம், 2 அடி ஆழம். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள், மட்கிய எரு கால் பங்குக்கு மேல் வேண்டாம். குழி முழுக்க எருவாக இருந்தால் வேர் அதைவிட்டு வெளியே போகாது.

*

குழி பற்றிச் சொன்னது மரக்கன்றுக்குச் சரி. ஆவாரைக்குக் குழியே வேண்டாம் சார். ஆணிவேர்ச் செடி, இடம் மாற்றினால் முரண்டு பிடிக்கும். விதைத்தோல் கடினம் என்பதால் கொதித்து இறக்கிய வெந்நீரை ஊற்றி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, உப்பிய விதையை மட்டும் எடுத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே அரை அங்குல ஆழத்தில் மூன்று விதை போடுங்க. நல்லதாக ஒன்றை விட்டுட்டு மற்றதைக் கிள்ளிடலாம். உப்பாத விதைக்கு மறுபடி வெந்நீர்.

வேப்ப விதை நேர்மாறு. சில வாரத்திலேயே முளைப்புத்திறன் போயிடும், பழம் விழுந்ததும் சதையைக் கழுவிட்டு உடனே போடணும். நொச்சிக்கு விதையே தேவையில்லை: பென்சில் பருமன், முக்கால் அடிப் போத்து (வெட்டிய தண்டுத் துண்டு), பாதி மண்ணுக்குள்.

*

மாடியிலும் முற்றத்திலும் தொட்டியில் வைப்பவர்களுக்கு: செடியை முதலில் கொல்வது வேர்ச்சூடு. கறுப்புப் பையில் பிற்பகல் வெயில் படும் பக்கத்து மண் 40 டிகிரியைத் தாண்டினால் நுனிவேர் சாகத் தொடங்கும். செடி வாடும், மண் ஈரமாகவே இருக்கும். தொட்டிக்கு வெளியே வெள்ளை பூசுங்கள், அல்லது பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் தேங்காய் நார் அடையுங்கள். அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தளத்திலிருந்து தூக்குங்கள். மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சுவர் இரவிலும் சூட்டைக் கக்கும்.

*

மதியம் துவண்ட செடி மாலையில் நிமிர்ந்தால் தண்ணீர் போதுமானது என்று அர்த்தம். விடியற்காலையிலும் துவண்டிருந்தால், விரல் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்துவிட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

முதல் கோடையில் மரக்கன்றுக்குத் தினம் ஒரு குவளை ஊற்றுவது கெடுதல். வேர் மேலேயே தங்கிவிடும். ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை 10 முதல் 15 லிட்டர், தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டப் பாத்தியில் மெதுவாக விடுங்கள். மணல் மண் என்றால் இடைவெளியைக் குறைக்கணும். பாத்தியில் 3 அங்குலத்துக்குச் சருகு, தண்டைத் தொடாமல். தொட்டால் கரையான் ஏறும். கோடையில் உரமும் கவாத்தும் (கிளை வெட்டுவதும்) வேண்டாம், இளந்தளிர்தான் முதலில் கருகும்.

வெப்பாலையும் கிளுவையும் வறட்சியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போடுபவர்கள் நிறைய. நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. அந்த நிலையில் தண்ணீரைக் கூட்டாதீர்கள், இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது, வேர் அழுகும்.