லிஸ்பனில் ஒரே ஒரு பகல்: ஓடாமல் பார்க்க வழி உண்டா?

கேட்டவர்: பாளைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் நானும் என் மனைவியும் போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் இருக்கும் மகள் வீட்டிற்குச் செல்கிறோம். வழியில் லிஸ்பனில் இரண்டு இரவுகள் தங்குவதால், நடுவில் ஒரு முழுப் பகல், அதுவும் திங்கட்கிழமை, எங்கள் கையில் இருக்கிறது. அந்த ஒரு பகலுக்கு மருமகன் பதினோரு இடங்களைக் குறித்து, இடத்திற்கு நாற்பது நிமிடம் என்று கணக்கும் போட்டு அனுப்பியிருக்கிறார். அதைப் படித்த என் மனைவி, "ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய், ஆற்றைப் பார்க்காமல் தலைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதையாகிவிடும்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. முட்டையும் சேர்க்காத சைவம். இரண்டு மூன்று இடங்களை மட்டும் ஆற அமரப் பார்ப்பதென்றால் எவற்றைப் பார்க்கலாம்?

பதில் 1: முத்துநகர் மாலுமி

அண்ணாச்சி, கப்பல் வேலையில் இருந்தபோது அந்த ஊரில் பலமுறை இறங்கியிருக்கிறேன். மதினி சொல்வதே சரி. காலையில் ஃபிகேரா சதுக்கத்தில் 737ஆம் எண் பேருந்தில் ஏறினால் அது குன்றின் மேல் கோட்டை வாசலுக்கே கொண்டுபோய் விடும். அங்கிருந்து அல்ஃபாமா சந்துகள் வழியாக நடந்து இறங்குங்கள். 1755 நவம்பர் 1 அன்று, சகல புனிதர் திருநாளில், நிலநடுக்கமும் கடற்கோளும் தீயும் அடுத்தடுத்து வந்து அந்த நகரின் பெரும்பகுதியை அழித்தன. ஆற்றங்கரைச் சமதளமான பைஷாவை அன்றைய முதன்மை அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆட்சியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேர்த்தெருக்களாகத் திரும்பக் கட்டினார்கள். அல்ஃபாமாவோ பெரும்பாலும் தப்பிவிட்டதால், அதன் சந்துகள் இன்றும் பழைய கோணலிலேயே ஓடுகின்றன. வழி தவறினாலும் கவலை இல்லை. எந்தச் சந்தில் இறங்கினாலும் கடைசியில் தேஜோ ஆற்றங்கரைக்குத்தான் வந்து சேர்வீர்கள்.

மாலையில் கொமேர்சியோ சதுக்கத்திற்குப் போய்விடுங்கள். அங்கே இரண்டு தூண்களுக்கு நடுவே ஆற்றுக்குள் இறங்கும் கல்படிகள் உண்டு. நம் தாமிரபரணியின் குறுக்குத்துறைப் படிகளில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி வேறொன்றும் விளக்க வேண்டியதில்லை. ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

பதில் 2: வண்ணாரப்பேட்டை இயன்முறை

மாலுமி அண்ணாச்சி மன்னிக்கவும். தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரும்பாடு, அதுவும் அந்த ஊர் நடைபாதைகளில் பதித்திருக்கும் சிறு சுண்ணாம்புக் கற்கள் தேய்ந்து தேய்ந்து எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். ஆகவே கோட்டையிலிருந்து போர்டாஸ் தூ சோல் காட்சிமேடை வரை மட்டும் மெதுவாக நடந்து, அங்கே வேண்டிய மட்டும் உட்கார்ந்துவிட்டு, 28ஆம் எண் டிராமில் கீழே இறங்குவது நல்லது. அந்த டிராமில் நெரிசலும் உண்டு, பைக்குள் கைவிடுபவர்களும் உண்டு. பாஸ்போர்ட்டை அறையிலேயே பூட்டி வையுங்கள். ரப்பர் அடி வைத்த காலணி அவசியம்.

பதில் 3: பேட்டை ஆசிரியை

தேஜோ ஆற்றோரம் மேற்கே இருக்கும் பெலேம் பகுதியை விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஜெரோனிமோஸ் மடாலயம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் கப்பல் கயிறுகளைச் சுண்ணாம்புக் கல்லில் முறுக்கு முறுக்காகச் செதுக்கியிருக்கும் அதன் வெளிப்புறத்தைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். மணப்பாட்டுக் குகையில் தங்கியிருந்ததாகச் சொல்லப்படும் புனித சவேரியார் 1541 ஏப்ரலில் கப்பலேறியது அந்த ஆற்றிலிருந்துதான். தமிழ்மொழியில் முதலில் அச்சான நூல், தமிழைப் போர்ச்சுகீசிய எழுத்தில் எழுதிய சிறு மறைநூல், 1554இல் லிஸ்பனில்தான் வெளிவந்தது. தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் 1578இல் அச்சான தம்பிரான் வணக்கத்தை உருவாக்கிய ஹென்றிக்கஸ் பாதிரியார், நம் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இருந்து வேலை செய்தவர். அந்தக் காலத்தில் இந்த ஆற்றின் முகத்துவாரத்திற்கும் அந்த ஆற்றின் முகத்துவாரத்திற்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

உணவுக்குக் காய்கறி சூப் எங்கும் கிடைக்கும். கீரை போட்ட கால்டோ வெர்டே சூப்பில் மட்டும் ஒரு துண்டு தொத்திறைச்சி மிதக்கும், கேட்டு வாங்குங்கள். பெலேமில் 1837 முதல் விற்கும் புகழ்பெற்ற இனிப்பு முழுக்க முட்டை மஞ்சள்கரு. அது அண்ணாச்சிக்கு மட்டும்.

பாளைக்காரர் (திரும்பி வந்த பிறகு)

மூவருக்கும் நன்றி. 737ஆம் எண் பேருந்தில் ஏறினோம், போர்டாஸ் தூ சோலில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் என்று நினைத்தது இரண்டரை மணி நேரம் ஆயிற்று. எதிரே ஒரு வீட்டின் மாடியில், நீல ஓடு பதித்த சுவரில், ஒரு மூதாட்டி கயிற்றில் போர்வையைக் காயப் போட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி விரலை நீட்டி, "ஜன்னல்" என்று தமிழிலேயே என்னிடம் சொன்னாள். பக்கத்து மேசைக்குக் காபி கொண்டுவந்த பையன் திரும்பிப் பார்த்து, "ஜனேலா" என்று திருத்தினான். அதன்பிறகு அவளுக்கு அது விளையாட்டாகவே ஆகிவிட்டது. மேசை, சாவி, அலமாரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மேசா, ஷாவ், அர்மாரியோ என்று அவன் பதில் சொன்னான். நெடுநாள் பழகிய வீட்டுச் சொற்களை அயலூரில் ஒருவன் தன்னுடையவை என்று உரிமை கொண்டாடியதில் அவளுக்குச் சிறிது வருத்தமும் உண்டு. காபியில் சிறிய பிக்கா நமக்குக் கஷாயம். நீளக் கண்ணாடித் தம்ளரில் பால் நிறையத் தரும் கலாவ் குடிக்கலாம்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்லவில்லை. மதியம் ஓர் உணவகத்தில் கேட்காமலேயே ரொட்டியும் ஆலிவ் காயும் கொண்டுவந்து வைத்தார்கள். நம்மூரில் இலையில் வைக்கும் ஊறுகாய் மாதிரி என்று நினைத்து முழுவதையும் தீர்த்துவிட்டேன்; கணக்கில் அதற்குத் தனிக் காசு வந்தது. தொடாமல் திருப்பி அனுப்பினால் காசு இல்லையாம்.

பெலேமுக்குப் போகவில்லை, ஆசிரியை பொறுத்துக்கொள்ள வேண்டும். மாலையில் அந்தத் தூண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தோம். கடைசிப் படிகளில் பாசி படர்ந்திருந்ததால் அவள் நான்காம் படியிலேயே நின்று, ஏற்றத்தில் தண்ணீர் தானாக மேலேறி வரும் வரை காத்திருந்து கால் நனைத்துக்கொண்டாள். எழுந்தபோது மணி ஒன்பதேகால். இதில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியது, அறுபது வருடம் பாளையில் இருந்தும் நாங்கள் இருவரும் மணப்பாட்டைப் பார்த்ததில்லை. வருகிற ஞாயிறு காலை திருச்செந்தூர் பேருந்தைப் பிடிப்பதாக இருக்கிறோம். அங்கிருந்து மணப்பாட்டிற்கு எந்த வழியாகப் போவது வசதி என்று மாலுமித் தம்பி சொன்னால் உதவியாக இருக்கும்.