கொட்டகைக்குப் பின்னால் கிடந்த மண்டையோடுகள்: எருமை வேட்டைப் பகுதிகளை எடைபோட்ட அனுபவங்கள்

தொடக்கப் பதிவு, ஹராரேயிலிருந்து

பதினான்கு வருடங்களாக ஜிம்பாப்வேயில் சஃபாரி முகாம்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். வேட்டைக்கு வருகிறவர்களும் சரி, குத்தகையில் பங்கு போட வருகிறவர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்தப் பகுதியில் நல்ல எருமை கிடைக்குமா?” இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களில் இந்தத் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கொடைக்கானலிலும் வால்பாறையிலும் நாம் காட்டெருமை என்று சொல்வது காட்டுமாட்டை. நான் பேசுவது ஆப்பிரிக்காவின் கேப் எருமை. அதன் காளைக்கு இரண்டு கொம்பும் தலையுச்சியில் அகன்று, ஒன்றையொன்று நெருங்கிக் கவசம்போல் இறுகிவிடும். வேட்டையாடுகிறவர்கள் அதைப் ‘பாஸ்’ என்பார்கள். ஒரு பகுதியின் கதை முழுவதும் அந்தக் கவசத்தில் இருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

‘சஃபாரி ஏரியா’ என்பதும் இங்கே சட்டச் சொல். 1975ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வகுத்த தனி வகை அது. தேசியப் பூங்காவில் வேட்டை இல்லை. சஃபாரி ஏரியாவில் கோட்டாவுக்கு உட்பட்டு உண்டு. ஜாம்பெசி ஆற்றங்கரையில் மானா பூல்ஸ் பூங்காவும் அதை ஒட்டிய சாபி, செவோரே ஆகிய சஃபாரி ஏரியாக்களும் சேர்ந்து 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பள்ளத்தாக்கில்தான், வேறொரு குத்தகைப் பகுதியில், நான் சொல்லப்போவது நடந்தது. பெயர் வேண்டாம்.

செப்டம்பர் மாதம். பங்கு வாங்க நினைத்த இருவர், கணக்கைப் பார்த்துச் சொல்லும்படி என்னை அழைத்துப் போனார்கள். முகாமில் ஒரு புகைப்படத் தொகுப்பு வைத்திருந்தார்கள். கொம்பு அகலம் 41 அங்குலம், 42 அங்குலம், ஒன்று 43. பெரிய கொம்புகளின் அளவைப் பதிந்துவைக்கும் ரோலண்ட் வார்டு பதிவேட்டில் இடம்பெற நெடுங்காலமாகக் கேட்கப்பட்ட அகலம் 42 அங்குலம். வந்தவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. ஏட்டிலும் எல்லாம் சரியாக இருந்தது. கோட்டா முழுவதும் நிறைவேறியிருந்தது. ஒரு வாடிக்கையாளர்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை.

சாயங்காலம் சும்மா நடந்து தோலுரிக்கும் கொட்டகைப் பக்கம் போனேன். உப்பும் புகையும் கலந்த வாடை. பின்னால் வேலியோரம் வேகவைத்துக் காயவைத்த மண்டையோடுகள் வரிசையாக இருந்தன. எண்ணினேன், 19. வயதான தோலுரிப்பவர் ஒருவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். எந்தக் காளை வயதானது என்று கேட்டேன். அவர் எழுந்து வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், ஒவ்வொரு மண்டையோட்டின் நடுவிலும் கட்டைவிரலை ஓட்டிக் காட்டினார். சிலவற்றில் கொம்பின் அடி கல் மாதிரி இறுகி, வெடிப்பு விட்டு, உரசி மெருகேறியிருந்தது. மற்றவற்றில் நடுவில் விரல் அகலத்துக்கு இடைவெளி; ஓரங்கள் சொரசொரப்பாக, முதிராத கொம்பாக இருந்தன. உயிரோடு இருந்தபோது அந்த இடத்தில் முடி முளைத்திருந்திருக்கும். அப்படி 11 தலைகள். புகைப்படத்தில் பார்த்த 43 அங்குலமும் அந்தப் பதினொன்றில் ஒன்று.

எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் கொம்பின் வளைவைப் பார்த்து ஊரே வியந்துகொண்டிருக்கும். அவர் நேரே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல்லா, நான்கு பல்லா, கடை சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்.

கேப் எருமைக்கு ஐந்து, ஆறு வயதிலேயே கொம்பின் அகலம் ஏறக்குறைய வந்துவிடுகிறது. கவசம் முழுதாக இறுக ஏழு, எட்டு வயது ஆகிறது. அதற்குப் பிறகுதான் அந்தக் காளை மந்தையில் முன்னுக்கு வந்து கன்றுகளுக்குத் தகப்பனாகிறது. பத்து வயதைத் தாண்டினால் மந்தையை விட்டு விலகி, தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ, சேற்றுக்குழிப் பக்கம் ஒதுங்கிவிடும். சேற்றைப் பூசிக்கொண்டு திரியும் அந்தக் கிழங்களைத்தான் ‘டாகா பாய்ஸ்’ என்கிறார்கள். டாகா என்றால் இங்கே சேறு. அவற்றின் கொம்பு நுனி வருடக்கணக்கில் மண்ணிலும் மரத்திலும் உரசித் தேய்ந்து அகலம் குறைந்துபோயிருக்கும். ஆகவே அங்குலத்தை மட்டும் துரத்துகிற முகாம், கிழத்தை விட்டுவிட்டு, இன்னும் கன்றுகளுக்குத் தகப்பனாகாத காளையைச் சுடுகிறது. மூன்று நான்கு வருடம் படம் அழகாக வரும். பிறகு படம் எடுக்கக் காளை இருக்காது.

அந்த இருவரிடமும் பங்கு வாங்க வேண்டாம் என்று சொன்னேன். அன்று முதல் எந்த முகாமுக்குப் போனாலும் கொட்டகைக்குப் பின்னால் போகாமல் ஏட்டைத் திறப்பதில்லை.

மறுமொழி, லுசாகாவிலிருந்து

உங்கள் பதிவைப் படித்ததும் லுவாங்வா பள்ளத்தாக்கு நினைவு வந்துவிட்டது. ஜாம்பியாவில் பூங்காக்களைச் சுற்றி வேட்டை மேலாண்மைப் பகுதிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கிராமங்களும் உண்டு. வேட்டைக் கட்டணத்தில் ஒரு பங்கு அந்தந்த ஊர்ச் சமூக வாரியத்துக்குப் போக வேண்டும். நான் அங்கே ஒரு முகாமுக்குச் சாமான் கொண்டுபோகும் லாரிகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வேட்டையாடியதில்லை, ஆனால் தடம் பார்ப்பவர்களோடு மாதக்கணக்கில் நடந்திருக்கிறேன்.

நான் எருமையைத் தேடுவதற்கு முன் கம்பியைத் தேடுவேன். ஒருமுறை ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் தடம் பார்ப்பவர் சட்டென்று நின்று குச்சியால் புல்லை விலக்கினார். முழங்கால் உயரத்தில் துருப்பிடித்த கம்பிச் சுருக்கு, மறுமுனை மோப்பேன் மரத்தில் முறுக்கியிருந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று. காலை பத்து மணிக்குள் ஏழு எடுத்தோம். அன்று மத்தியானம் பார்த்த கிழக்காளையின் பின்னங்காலில் குளம்புக்கு மேல் கம்பி அறுத்த பள்ளம் வட்டமாக ஓடியது. அது நொண்டிக்கொண்டே கோரைப் புல்லுக்குள் போன காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

கம்பி இருக்கிற இடத்தில் கோட்டா எத்தனை என்பதற்குப் பொருளே இல்லை. கணக்கில் வராத வேட்டை அங்கே தினமும் நடக்கிறது. அதனால் முகாம்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ரோந்துக்கு எத்தனை பேர், யார் சம்பளம் தருகிறார்கள்? சுட்ட எருமையின் இறைச்சி யாருக்குப் போகிறது? பிறகு பக்கத்து ஊருக்குப் போய் இரண்டாவது கேள்வியை மட்டும் மறுபடியும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அந்தப் பகுதிக்கு எதிர்காலம் உண்டு. நான் போன ஊரில் ஒரு பாட்டி, போன வருடத்து மழைக்குப் பிறகு கறி வரவே இல்லை என்று சொன்னார். முகாமில் சொன்ன கதை வேறு.

மறுமொழி, பெய்ராவிலிருந்து

எண்ணிக்கையை நம்பி ஏமாறுகிறவர்களுக்காக மொசாம்பிக்கிலிருந்து எழுதுகிறேன். ஜாம்பெசி கடலில் கலக்கும் மர்ரோமேயு சமவெளி ஒரு காலத்தில் பல்லாயிரக்கணக்கான எருமைகளால் கறுத்துக் கிடந்த இடம். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் எல்லாம் இறைச்சியாகப் போயின. போர் முடிந்தபோது மிஞ்சியவை சில ஆயிரத்துக்குள். அங்கிருந்து ரோந்து போட்டு, கோட்டாவைக் கட்டுப்படுத்தி, இன்று மறுபடியும் பெரும் மந்தைகள். 2018இல் 24 சிங்கங்களையும் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பகுதி மீண்டெழ முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நான் பார்த்ததில்லை.

ஆனால் அங்கே முதல்முறை போகிறவர்கள் மயங்கிவிடுகிறார்கள். சதுப்பு நிலத்தில் ஓடும் ஆர்கோ வண்டியில் ஏறிப் பாப்பிரஸ் புதரைத் தாண்டியதும் ஐந்நூறு அறுநூறு எருமைகள் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்க்கும். வெள்ளைக் கொக்குகள் மேலே எழும். அந்தக் கூட்டத்துக்குள் பத்து வயதைத் தாண்டிய காளை எங்கே இருக்கிறது? தண்ணீரில் முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டு, வெயிலில் ஒரு மணி நேரம் தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். முதிர்ந்த காளை எப்போதும் நான்கு பசுவுக்குப் பின்னால் மறைந்தே நிற்கும். மந்தையின் அளவு அந்த நிலத்தின் வளத்தைச் சொல்லும். கிழக்காளைகள் எத்தனை என்பதைச் சொல்லாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மறுமொழி, தாருஸ்ஸலாமிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன், ஏனென்றால் எழுதுவது எளிதாக இல்லை. பல வருடங்களுக்கு முன் தான்சானியாவின் செலூஸ் காப்பகத்தில் வேட்டையாடினேன். அதன் பெரும்பகுதி 2019இல் நியெரேரே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. கடைசிக்கு முந்தைய நாள். மந்தையின் ஓரத்தில் அகன்ற கொம்போடு ஒரு காளை. கூட வந்த வேட்டை வழிகாட்டி தொலைநோக்கியை இறக்காமல் “இளசு” என்றார். பணம் கட்டியிருக்கிறேன், நாள் இல்லை என்று நான் சொன்னேன். அவர் அதற்கு மேல் தடுக்கவில்லை. அருகில் போய்த் தலையில் கை வைத்தேன். இரண்டு கொம்புக்கும் நடுவில் முடி, அழுத்தினால் அமுங்கியது. அந்தத் தலையைப் பதப்படுத்தி அனுப்பினார்கள். சுவரில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

வழிகாட்டி “வேண்டாம்” என்று உறுதியாகச் சொல்லும் பகுதியைத் தேடுங்கள். கடந்த பருவத்தில் எத்தனை காளைகளை நெருங்கிப் பார்த்துவிட்டுச் சுடாமல் திரும்பினீர்கள் என்று கேளுங்கள். நல்ல முகாமில் இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வரும்.

மறுமொழி, கோவையிலிருந்து, கால்நடை மருத்துவர்

வேட்டையில் எனக்கு உடன்பாடு இல்லை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முடிவு கட்டியதை நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மாட்டுக்கு முன்பல் முளைப்பதை வைத்து வயது சொல்வது ஐந்து வயது வரைதான் சரிப்படும். பத்தா பன்னிரண்டா என்று எருமையில் எப்படிச் சொல்கிறார்கள்?

தொடக்கப் பதிவரின் மறுமொழி

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. உங்கள் கருத்தை மதிக்கிறேன். கென்யா 1977இலேயே வேட்டையை நிறுத்தியது. போட்ஸ்வானா 2014இல் நிறுத்தி 2019இல் மறுபடி திறந்தது. இந்தக் கண்டத்திலேயே அதில் ஒருமித்த முடிவு இல்லை. வேட்டை நடக்கிற இடத்திலாவது மந்தை கெடாமல் நடக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

நீங்கள் சொன்னது சரி, முன்பல் போதாது. இங்கே பார்ப்பது கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை. நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் முதலில் முளைப்பது அதுதான், அதனால் முதலில் தேய்வதும் அதுதான். அதன் மேற்பரப்பில் பிறை வடிவக் குழிகள் இருக்கும்; வயது ஏற ஏற அவை சுருங்கி, கடைசியில் மறைந்து பல் வழவழவென்று ஆகிவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் பல்லின் வேரை அறுத்து, மர வளையம் மாதிரி படிந்த அடுக்குகளை ஆய்வகத்தில் எண்ணுவார்கள்.

லுசாகா நண்பரும் பெய்ரா நண்பரும் சொன்னதோடு, பருவத்தைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். எருமைக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அக்டோபரில் உள்ளே இருக்கும் குட்டைகள் வற்றியதும் மந்தைகள் எல்லாம் ஆற்றுக்கும் ஊற்றுக்கும் வந்துவிடும். அப்போது போய்ப் பார்த்தால் எந்தப் பகுதியும் எருமைக் காடாகத்தான் தெரியும். அவற்றில் பாதி பக்கத்துப் பூங்காவிலிருந்து தண்ணீருக்கு வந்தவையாகக்கூட இருக்கலாம். மே, ஜூனில் புல் ஆளுயரம் நிற்கும்போது, புதிய சாணமும் வட்டமான பெரிய குளம்புத் தடமும் எத்தனை இடத்தில் கிடைக்கின்றன என்று பாருங்கள். அதுவே அந்தப் பகுதியின் சொந்த எருமை.

கோட்டாவையும் ஒரு மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு எருமைக்கு இரண்டு காளை என்பது இங்கே பொதுவாகப் புழங்கும் அளவு. 1,000 எருமை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வருடம் 45 காளைக்கு முன்பதிவு வாங்கும் இடத்தில், அந்த 45 எங்கிருந்து வருகின்றன என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போன ஆகஸ்டில் அதே பள்ளத்தாக்கில் இன்னொரு முகாமுக்குப் போனேன். அங்கே ஒரு வாடிக்கையாளர் எட்டு நாள் நடந்திருந்தார். புதர்க்காட்டுக்குள் மூன்று முறை கிழக்காளைகளை நெருங்கி, மூன்று முறையும் உண்ணிக்கொத்திப் பறவைகள் கத்தி எழுப்பிவிட்டன. ஒன்பதாம் நாள் கொண்டுவந்த காளைக்குக் கொம்பு அகலம் 36 அங்குலம். ஒரு நுனி முழுக்கத் தேய்ந்து மொட்டையாகியிருந்தது. காதில் சிங்கம் கிழித்த பழைய தழும்பு. முகத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது.

கொட்டகையில் தோலுரிப்பவர் முதலில் கீழ்த்தாடையைத்தான் கழற்றினார். கழுவி, முதல் கடைவாய்ப்பல்மேல் விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். கூழாங்கல் மாதிரி இருந்தது. பிறகு தாடை எலும்பில் கறுப்பு மையால் தேதியும் எண்ணும் எழுதி, சுவரோரப் பலகையில் மற்ற தாடைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஏழு வருடத்துத் தாடைகள் அங்கே வரிசையாக இருந்தன. அந்த வாடிக்கையாளர் பலகையின் முன் நெடுநேரம் நின்று, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.